ஆன்லைன் உடனடி லாட்டரி ஆடலாமா? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், மீர்பேங்க் என்று எந்தப் பக்கம் போனாலும் கைபேசித் திரையைச் சுரண்டும் விரல்களைப் பார்க்க முடிகிறது. மாதக் கடைசியில் சம்பளமோ, மாதத் தொடக்கத்தில் அரசின் சாசா உதவித்தொகையோ கைக்கு வந்த இரண்டு மூன்று நாள்களில் இது இன்னும் கூடுகிறது. கோயில் கூட்டங்களிலும் குடும்ப விருந்துகளிலும் இதைப் பற்றி எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் இல்லை. கணக்கும் சட்டமும் தெரிந்தபின் முடிவெடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: லாபம் உண்டா?

இல்லை. தொடர்ந்து ஆடுகிறவருக்கு நட்டம்தான். அந்த நட்டம் விளையாட்டின் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை என்றாலும் அது நடக்கும்.

பொழுதுபோக்காக ஆடலாமா என்பது வேறு கேள்வி. வாரம் ஒரு லோட்டோ சீட்டு வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன். கைபேசியில் ஆடும் உடனடி விளையாட்டை மட்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

உடனடி லாட்டரி என்பது எது? லோட்டோவும் பவர்பாலும் அதில் சேருமா?

சேராது. தென்னாப்பிரிக்காவின் தேசிய லாட்டரி 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2000 மார்ச்சில் தொடங்கியது. முதலில் உத்திங்கோ, 2007-இல் கிடானி, 2015-இல் இத்துபா என்று நடத்தும் நிறுவனங்கள் மாறின. 2025 மே மாதம் அடுத்த உரிமம் சிஸேகாயாவுக்கு அறிவிக்கப்பட்டது. லோட்டோவும் பவர்பாலும் குலுக்கல் விளையாட்டுகள். சீட்டு வாங்கிவிட்டுக் குலுக்கல் நாள்வரை காத்திருக்க வேண்டும்.

உடனடி விளையாட்டில் காத்திருப்பே கிடையாது. முன்பு கடையில் வாங்கி நாணயத்தால் சுரண்டிய அட்டை இப்போது திரைக்குள் வந்துவிட்டது. இத்துபா இவற்றை ‘ஈஸிவின்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் முடிவு தெரியும், உடனே மறுபடி அழுத்தலாம். திரையில் பெட்டி திறப்பதும் பழம் உருளுவதும் நட்சத்திரம் வெடிப்பதும் வெறும் காட்சி. முடிவை நீங்கள் அழுத்திய கணமே கணினி எடுத்துவிட்டது. மெல்லச் சுரண்டினாலும் வேகமாகச் சுரண்டினாலும் அது மாறாது.

ஆனால் உடனடி விளையாட்டுகளில் அதிகப் பணம் திரும்பி வருகிறது என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மைதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

குலுக்கல் லாட்டரியில், விற்ற சீட்டுப் பணத்தில் ஏறக்குறைய பாதிதான் பரிசாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனடி விளையாட்டு ஒன்றில் 70 சதவீதம் திரும்புகிறது என்று வைப்போம். பார்த்தவுடன் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும்.

இப்போது ஒருவர் வாரத்துக்கு 5 ரேண்ட் சீட்டு இரண்டு வாங்குகிறார். வருடத்துக்கு 520 ரேண்ட். பாதி திரும்பினால் சராசரி இழப்பு 260 ரேண்ட். இன்னொருவர் அதே 5 ரேண்டுக்கு உடனடி விளையாட்டு ஆடுகிறார். நிமிடத்துக்கு ஆறு முறை அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் 360 ஆட்டம். அதாவது 1,800 ரேண்ட் பந்தயத்தில் போகிறது. அதில் 30 சதவீதம், 540 ரேண்ட், சராசரியாகக் கரைகிறது. முதலாமவர் இரண்டு வருடத்தில் இழப்பதைவிட அதிகமான பணத்தை இவர் ஒரே ஒரு மணி நேரத்தில் இழக்கிறார். அதுவும் ‘நல்ல’ விகிதம் உள்ள விளையாட்டில்.

“என் கணக்கில் 100 ரேண்ட்தான் இருந்தது, எப்படி 1,800 ஆடுவேன்?” என்று கேட்கலாம். ஜெயித்த பணத்தை எடுக்காமல் திரும்பத் திரும்பப் போடுவதால்தான். 100 போட்டால் சராசரியாக 70 வரும். அதை முழுக்கப் போட்டால் 49. பிறகு 34, 24, ஐந்தாவது சுற்றில் 17. இடையிடையே சிறு பரிசுகள் வந்துகொண்டே இருக்கும். ஜெயித்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தபடியே பணம் தீர்ந்துபோகும். அதன்பின் வங்கிச் செயலியிலிருந்து இன்னொரு 100.

தேசிய சூதாட்ட வாரியத்தின் கணக்கிலும் இந்தச் சுழற்சியைப் பார்க்கலாம். இது லாட்டரியைச் சேர்க்காத கணக்கு. 2023-24 நிதியாண்டில் காசினோ, பந்தயம் முதலியவற்றில் போடப்பட்ட தொகை 1.14 டிரில்லியன் ரேண்டைத் தாண்டியது. மக்கள் இழந்த தொகை சுமார் 59 பில்லியன். அந்த டிரில்லியன் எல்லாம் புதுப் பணம் இல்லை. ஒரே ரேண்ட் பலமுறை பந்தயத்தில் சுழன்றதால் வந்த எண் அது. ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கழிந்து, கடைசியில் 59 பில்லியன் வீடுகளிலிருந்து போயிருக்கிறது.

ஆகவே எத்தனை சதவீதம் திரும்புகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். மணிக்கு எத்தனை முறை ஆட முடியும் என்று பாருங்கள்.

“நான்கில் ஒரு ஆட்டத்துக்குப் பரிசு” என்று போட்டிருக்கிறதே, பொய்யா?

பொய் இல்லை. ஆனால் ‘பரிசு’ என்பதில் போட்ட பணம் அப்படியே திரும்புவதும் அடக்கம். 10 ரேண்ட் போட்டு 10 ரேண்ட் வந்தாலும் திரையில் பூச்சொரியும். சில விளையாட்டுகளில் போட்டதைவிடக் குறைவாக வந்தால்கூட வெற்றி இசை ஒலிக்கும்.

இதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் டிக்சன், கெவின் ஹாரிகன் முதலியோர் சூதாட்ட இயந்திரங்களில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். வெற்றி போல அலங்கரிக்கப்பட்ட தோல்விக்கு ஆடுபவரின் உடல், உண்மையான வெற்றிக்குக் காட்டும் கிளர்ச்சியையே காட்டியது. பணம் குறைந்துகொண்டிருக்கும்போது உடம்பு ஜெயித்ததாக நம்புகிறது.

இன்னொன்று: நான்கில் ஒன்று என்றால் நான்கு ஆடினால் ஒன்று கட்டாயம் விழும் என்று அர்த்தம் இல்லை. பத்து ஆட்டம் ஆடியும் ஒன்றுகூட விழாமல் போக ஏறக்குறைய 18-இல் ஒரு வாய்ப்பு உண்டு. “இத்தனை முறை போச்சு, இனிமேல் வந்தே தீரும்” என்ற நினைப்புக்கு அடிப்படையே இல்லை. முந்தைய ஆட்டம் கணினிக்கு நினைவில் இருப்பதில்லை.

இரண்டு படம் ஒத்து வருகிறது, மூன்றாவது மட்டும் தப்புகிறது. கிட்டே வந்துவிட்டேன் என்றுதானே பொருள்?

அப்படிப் பொருள் இல்லை. தோல்வி தோல்விதான். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மயிரிழையில் தவறிய ஆட்டம், வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளையே தூண்டியது. ஆடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் மறுபடி ஆடும் ஆசை கூடியது. “கொஞ்சத்தில் போச்சே” என்று உங்களுக்குத் தோன்றும்போது கைபேசியைக் கீழே வையுங்கள். அந்தத் தருணத்தில்தான் அடுத்த நூறு போகிறது.

ராசி எண், கனவு எண், நட்சத்திர எண் எதுவும் உதவாதா?

நம் பெரியவர்களுக்கு ஃபாஃபி நன்றாகத் தெரியும். சீனர்கள் கொண்டுவந்த ஆட்டம். 36 எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கனவு. இரவில் கண்ட கனவுக்கு ஏற்ற எண்ணைக் காலையில் கட்டுவார்கள். விழுந்தால் வழக்கமாக 28 மடங்கு. 36 எண்ணுக்கு 28 மடங்கு என்றால் எந்தக் கனவைக் கண்டாலும் நீண்ட நாளில் கட்டியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கனவு எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, வாய்ப்பை மாற்றவில்லை.

பவர்பாலில் 50-இல் ஐந்தும் 20-இல் ஒன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். வாய்ப்பு 4,23,75,200-இல் ஒன்று. 2020 டிசம்பர் 1 அன்று 5, 6, 7, 8, 9 என்ற எண்களும் பவர்பாலாக 10-உம் விழுந்தது நினைவிருக்கும். நாடே சந்தேகப்பட்டது, விசாரணையும் அறிவிக்கப்பட்டது. உண்மையில் அந்த வரிசை விழும் வாய்ப்பு வேறு எந்த வரிசைக்கும் உள்ள அதே வாய்ப்புதான். 20 பேர் அதைக் கட்டியிருந்தார்கள். ஒருவருக்குப் போயிருக்க வேண்டிய பரிசு ஆளுக்கு 5.7 மில்லியன் ரேண்டாகப் பிரிந்தது. குலுக்கலில் எண் தேர்வு செய்யக்கூடியது அவ்வளவுதான்: விழுந்தால் எத்தனை பேரோடு பங்கு என்பதை மட்டும். உடனடி விளையாட்டில் அதுவும் கிடையாது.

ஏவியேட்டரும் லாட்டரிதானே?

இல்லை. அது பந்தய நிறுவனங்களின் தளங்களில் வரும் ஆட்டம், தேசிய லாட்டரியோடு தொடர்பில்லாதது. திரையில் விமானம் ஏறும், போட்ட பணம் எத்தனை மடங்காகும் என்ற எண்ணும் கூடும், விமானம் பறந்துபோவதற்குள் பணத்தை எடுக்க வேண்டும். 97 சதவீதம் திரும்பும் என்று அறிவித்திருக்கிறார்கள். இளைஞர்கள் இதைக் காட்டித்தான் என்னோடு வாதாடுகிறார்கள்.

மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். நிமிடத்துக்கு நான்கு சுற்று, சுற்றுக்கு 50 ரேண்ட். மணிக்கு 12,000 ரேண்ட் பந்தயம், அதில் 3 சதவீதம் 360 ரேண்ட். இது சராசரிதான். எடுக்கும் பொத்தான் உங்கள் கையில் இருப்பதால் “நான் தாமதித்துவிட்டேன், அடுத்த முறை சரியாக எடுப்பேன்” என்று தோன்றும். லோட்டோவில் தோற்றவர் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார். இதில் தோற்றவர் தன் திறமையை நொந்துகொண்டு, அதை நிரூபிக்க மறுபடி இறங்குகிறார். இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

வெளிநாட்டுத் தளத்தில் இன்னும் பெரிய பரிசு தருகிறார்கள். அதில் ஆடலாமா?

ஆடவே ஆடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் மாகாண உரிமம் பெற்ற நிறுவனத்திடம் இணையத்தில் பந்தயம் கட்டலாம், தேசிய லாட்டரி வாங்கலாம். இணையக் காசினோவை அனுமதிக்க 2008-இல் இயற்றிய திருத்தச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை.

“சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, நம் சட்டம் செல்லாது” என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்போதைய சுவாசிலாந்திலிருந்து நடந்த பிக்ஸ் பீக் இணையக் காசினோ வழக்கில், ஆடுகிறவர் இருக்கும் இடத்தில்தான் சூதாட்டம் நடக்கிறது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. 2004-ஆம் ஆண்டுத் தேசிய சூதாட்டச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, சட்டவிரோத ஆட்டத்தில் ஜெயித்த பணத்தை அரசு பறிமுதல் செய்ய உயர்நீதிமன்றம் உத்தரவிடலாம். தோற்றால் உங்கள் பணம் போகும், ஜெயித்தாலும் அது உங்களுடையது ஆகாது.

விழாவிட்டாலும் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது?

தமிழ்நாட்டில் அண்ணாதுரை அரசு 1968-இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்றார்கள். அதே தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடைசெய்தது. கூலி வேலைக்காரர்களின் வீடுகளில் அது செய்த சேதம் அவ்வளவு.

இங்கும் சீட்டுப் பணத்தின் ஒரு பங்கு விளையாட்டு, கலை, தொண்டு அமைப்புகளுக்குப் போகிறது. பல நல்ல பணிகள் அதனால் நடந்திருக்கின்றன. ஆனால் முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம் என்று ஒதுக்கிய பணம் வேறு பக்கம் போனதை கிரவுண்ட்அப் செய்தித்தளம் தொடர்ந்து வெளிக்கொண்டுவந்தது. 2020-இல் ஜனாதிபதி ராமபோசா இதைச் சிறப்புப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தார். தொண்டு செய்ய விரும்பினால் முதியோர் இல்லத்துக்கோ கோயில் அன்னதானத்துக்கோ நேராகக் கொடுங்கள். ஒவ்வொரு ரேண்டும் போய்ச் சேரும்.

கோயில் ராஃபிள் சீட்டு?

தொண்டு அமைப்பு நிதி திரட்ட நடத்தலாம். அதற்கும் தேசிய லாட்டரி ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், கோயில் குழுவினர் இதை மறக்கக் கூடாது. வருடத்தில் ஓரிரு முறை குலுக்கும் சீட்டால் குடும்பம் நொடித்ததை நான் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப்பில் எனக்குப் பரிசு விழுந்ததாகச் செய்தி வந்தது.

நீங்கள் சீட்டு வாங்கவில்லை என்றால் பரிசு விழாது. பரிசை விடுவிக்க முன்பணம் கேட்பவர் திருடர். வங்கி ரகசிய எண்ணைக் கேட்டாலும் அப்படியே. வீட்டிலுள்ள தாத்தா, ஆயாவிடம் இதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, அவர்களுக்குப் புரியும் மொழியில், இன்றே சொல்லிவையுங்கள்.

எப்படியும் ஆடத்தான் போகிறேன். குறைந்தது எதைக் கவனிக்க வேண்டும்?

வங்கி அட்டையை விளையாட்டுக் கணக்கோடு நிரந்தரமாக இணைக்காதீர்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து குறையும். மாதத்துக்கு இவ்வளவு என்று முடிவுசெய்து அந்தத் தொகையை மட்டும் போடுங்கள். ஜெயித்தால் அன்றே வங்கிக்கு மாற்றுங்கள், ஆட்டக் கணக்கில் விட்டுவைத்தால் அது பரிசு இல்லை. தளத்தில் செலவு வரம்பு வைக்க வசதி இருந்தால் ஆடும் முன்பே வையுங்கள். தனியாக, இரவில், குடித்திருக்கும்போது ஆடாதீர்கள். விதிப்பக்கத்தில் திரும்பும் சதவீதம் போடாத விளையாட்டைத் தொடவே வேண்டாம். 18 வயது நிரம்பாதவர் கையில் அந்தக் கைபேசி போகக் கூடாது.

வீட்டில் ஒருவர் நிறுத்த முடியாமல் ஆடுகிறார். என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் கனமானது இது. பெரும்பாலும் மனைவியோ மூத்த மகளோ கேட்கிறார்கள், அதுவும் தாழ்ந்த குரலில்.

முதலில் அறிகுறிகள். கைபேசியை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வது, விளக்கு-தண்ணீர் பில்லுக்கு வைத்த பணம் மாயமாவது, ஸ்டொக்வெல் சேமிப்புக் குழுவின் தவணை தவறுவது, நகை அடகுக்குப் போவது, “இந்தத் தடவை வந்தால் எல்லாவற்றையும் அடைத்துவிடுவேன்” என்ற பேச்சு. கடைசிச் சொற்றொடரைக் கேட்டுவிட்டால் இனிக் காத்திருக்காதீர்கள்.

பேசும்போது சண்டையாகத் தொடங்க வேண்டாம். உறவினர் முன்னால் அவமானப்படுத்தினால் அவர் ஆட்டத்தை விட மாட்டார், மறைப்பதில் தேர்ந்துவிடுவார். பணம் இல்லாத நேரத்தில், அமைதியாக, வங்கி விவரத்தை மேசையில் வைத்துப் பேசுங்கள். கடனை முழுதாக அடைத்துக் கொடுத்து ‘காப்பாற்றும்’ அண்ணன்மார் நிறைய உண்டு. ஆட்டம் நிற்காமல் கடனை அடைத்தால் அடுத்த ஆட்டத்துக்கு முதல் கொடுத்ததாகவே முடிகிறது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இவற்றை நேரடியாகச் செலுத்துங்கள், பணத்தைக் கையில் தராதீர்கள்.

தென்னாப்பிரிக்கப் பொறுப்புச் சூதாட்ட அறக்கட்டளையின் இலவச உதவி எண் 0800 006 008. ஆடுகிறவர் மட்டுமல்ல, குடும்பத்தாரும் அழைக்கலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

சட்டத்திலும் வழி உண்டு. தேசிய சூதாட்டச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி ஒருவர் தன்னைத்தானே விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் மறுத்தால், குடும்பத்தார் நீதிமன்றத்தில் மனுச் செய்து அவரைச் சேர்க்கவும் இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. பட்டியல் எல்லாக் கதவையும் அடைக்காது, வெளிநாட்டுத் தளம் அதை மதிக்காது. ஆனாலும் முதல் தடை அது.

தற்கொலை பற்றிய பேச்சு வந்தால் சூதாட்டம், கடன் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

மஷோனிசாவிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கிவிட்டேன், வங்கி அட்டையை அவர் பிடித்துவைத்திருக்கிறார்.

2005-ஆம் ஆண்டுத் தேசியக் கடன் சட்டம் கடனுக்காக வங்கி அட்டையையோ அடையாள அட்டையையோ ரகசிய எண்ணையோ பிடித்துவைப்பதைத் தடைசெய்கிறது. வங்கியில் அட்டையை ரத்துசெய்து புதியது வாங்குங்கள். மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாமல் ஒரு துணையோடு போங்கள்.

உண்மையிலேயே பெரிய பரிசு விழுந்துவிட்டால் வரி உண்டா?

தேசிய லாட்டரிப் பரிசைக் குலுக்கல் நாளிலிருந்து 365 நாளுக்குள் கேட்டுப் பெற வேண்டும். காகிதச் சீட்டு என்றால் பின்புறம் உடனே கையெழுத்துப் போடுங்கள். எப்போதாவது சீட்டு வாங்குகிறவருக்கு, இங்கே சட்டப்படி நடக்கும் லாட்டரியில் விழுந்த பரிசுக்கு வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ கிடையாது. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வரும் வட்டி வரிக்கு உட்பட்டது. கணவன் மனைவிக்கு இடையே கொடுப்பதற்கு நன்கொடை வரி இல்லை. அண்ணன் தம்பிக்கும் அக்காள் தங்கைக்கும் பங்கு கொடுத்தால், ஆண்டு வரம்பைத் தாண்டிய தொகைக்குக் கொடுப்பவர் 20 சதவீதம் நன்கொடை வரி கட்ட வேண்டியிருக்கும். அதனால் யாருக்கும் வாக்குக் கொடுக்கும் முன் வரி ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.